ஆபீஸ் வாலன்டியரா ஸ்கூல் பசங்கள ஆர்ட் கேலரிக்கு கூட்டிட்டு போறோம், மென்டரா என்ன பண்ணணும்? (டர்பன்)

உம்லாங்கா நெல்லைக்காரி:

வணக்கம் மக்களே. சவுத் ஆப்பிரிக்கால இத யாராவது பண்ணிருந்தா கொஞ்சம் சொல்லுங்க. எங்க ஆபீஸ் சிஎஸ்ஐ டீம் (கம்பெனி சார்பா சமூக சேவை பண்றவங்க) எப்பவும் ஸ்கூல் சுவருக்கு பெயிண்ட் அடிக்கிறது, சாண்ட்விச் பண்ணிக் குடுக்கிறது, குளிர்காலத்துல போர்வை குடுக்கிறதுன்னு தான் போவாங்க. இந்த வருஷம் புதுசா ஒண்ணு. டர்பன் பக்கத்துல இருக்கிற இனாண்டால ஒரு நோ-ஃபீ ஸ்கூல்ல (ஃபீஸ் வாங்காத அரசுப் பள்ளி) இருந்து கிரேட் 7 பசங்க 24 பேர், எங்க ஆபீஸ்ல 8 பேர், ஆளுக்கு 3 பசங்கன்னு மென்டரா சேர்த்துவிட்டு டர்பன் ஆர்ட் கேலரிக்கு போய்ட்டு வரணுமாம். பேர் குடுத்தவங்கள்ல நானும் ஒருத்தி.

ஆசையாவும் இருக்கு, அதே அளவுக்கு பயமாவும் இருக்கு. நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல இருக்கிறவ, ஓவியம்னு தனியா எதுவும் படிச்சதில்ல, சின்ன வயசுல நெல்லையப்பர் கோயில் தூண தட்டித் தட்டி சத்தம் கேட்டு வளர்ந்ததோட சரி, ஒரு படத்து முன்னாடி நின்னு ஒரு பிள்ள இது என்ன ஆன்ட்டின்னு கேட்டா என்ன சொல்றதுன்னு புரியல. பசங்க வீட்ல பேசறது ஜூலு. எனக்கு சவுபோனா (வணக்கம்), ங்கியாபோங்கா (நன்றி) தாண்டி ஒண்ணும் வராது. இன்னொண்ணு, மேல இருக்கிறவங்க இத ஜூலை 18 மண்டேலா டே அன்னைக்கு ஒரே நாள்ல டீ-ஷர்ட் போட்டு போட்டோ எடுத்து முடிச்சிரலாம்னு பாக்கிறாங்க, எனக்கு அது மனசுக்கு ஒப்பவே இல்ல. மென்டர்னு பேர் வச்சிட்டு ஒரு காலைப்பொழுது கூட நின்னுட்டு டாட்டா காட்டிட்டு வந்தா அந்த பிள்ளைங்களுக்கு என்ன மிஞ்சும்? எத்தன தடவ போகணும், என்ன பேசணும், முன்னாடி என்னென்ன ஏற்பாடு பண்ணணும், தெரிஞ்சவங்க விவரமா சொன்னா புண்ணியமா போகும்.

சாட்ஸ்வர்த் டீச்சரம்மா:

நல்ல காரியம் மா, விட்டுடாதே. நான் இங்கேயே பொறந்து டர்பன் ஸ்கூல்கள்லயே பாடம் எடுத்து ரிடையர் ஆனவ, பிள்ளைங்கள வெளிய கூட்டிட்டு போற வேலை எனக்கு அத்துப்படி. படத்த பத்தி மத்தவங்க சொல்லட்டும், நான் மொதல்ல வயித்த பத்தி சொல்றேன். நோ-ஃபீ ஸ்கூல்ல அரசாங்கம் போடற சத்துணவு இருக்கு, நிறைய பிள்ளைங்களுக்கு அன்னைக்கு மொத சாப்பாடே அதுதான். நீங்க காலைல பஸ்ல ஏத்திட்டு வந்துட்டா அந்த சாப்பாடு போச்சு. பசியோட நிக்கிற பிள்ளகிட்ட படத்த காட்டி என்ன தெரியுதுன்னு கேட்டா அது தரைய தான் பாக்கும். அதனால இறங்கினதும் சாப்பாடு. கேலரிக்காரங்ககிட்ட முன்னாடியே கேட்டா உக்கார ஒரு இடம் காட்டுவாங்க, இல்லன்னா பஸ்லயே குடுத்துடு. சிப்ஸ் பாக்கெட்டும் கூல்டிரிங்கும் வேண்டாம், ரொட்டி, அவிச்ச முட்டை, பழம்னு வயிறு நிறையற மாதிரி. திரும்பி போகும்போதும் கையில ஏதாவது குடுத்து அனுப்பு.

அந்த கேலரி தனி கட்டடம் இல்ல, சிட்டி ஹாலோட ரெண்டாவது மாடி. 1910ல முடிச்ச கட்டடம், பெல்ஃபாஸ்ட் சிட்டி ஹால பாத்து கட்டினது. முதல் மாடில நேச்சுரல் சயின்ஸ் மியூசியம், அங்க டோடோ பறவையோட எலும்புக்கூடு, எகிப்து மம்மி, பெரிய டைனோசர் எல்லாம் இருக்கு. படியேறும்போதே பசங்க கண்ணு அங்க தான் போகும், மனசும் அங்கயே நின்னுடும். மேல பாத்துட்டு வந்து கடைசில அரை மணி நேரம் டைனோசர்னு மொதல்லயே வாக்கு குடுத்துடு, குடுத்தா காப்பாத்து. நேரமாச்சுன்னு சொல்லி அத வெட்டிட்டா அடுத்த தடவ நீ என்ன சொன்னாலும் நம்ப மாட்டாங்க.

பெர்மிஷன் ஃபார்ம் இங்கிலீஷ்ல மட்டும் அனுப்பாதே. பாதி வீட்ல கையெழுத்து போடறது கோகோ, அதான் பாட்டி, அவங்களுக்கு ஜூலுல எழுதி எங்க போறாங்க, யார் கூட போறாங்க, எத்தன மணிக்கு திரும்பி வருவாங்கன்னு தெளிவா இருந்தா தான் பிள்ளைய அனுப்புவாங்க. ஸ்கூல் டைம்ல போறதுன்னா பிரின்சிபால் மூலமா டிபார்ட்மென்ட் அனுமதி வாங்கணும், அது சட்டுனு வராது, டெர்ம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பேப்பர் போய்டணும்.

ஜோபர்க் தஞ்சாவூரான்:

டீச்சரம்மா சொன்ன சாப்பாடு விஷயம் நூத்துக்கு நூறு. நாங்க பிராம்ஃபோன்டெய்ன்ல விட்ஸ் ஆர்ட் மியூசியத்துக்கு ஆபீஸ்ல இருந்து பசங்கள கூட்டிட்டு போறோம், 2012ல தொறந்த இடம், உள்ள போக காசு கிடையாது, ஆப்பிரிக்க கலைப்பொருள் ஏராளம்.

ஓவியம் தெரியாதேன்னு நீங்க கவலைப்படவே வேண்டாம். எனக்கு தெரிஞ்சு இதுல பசங்கள ரொம்ப சலிப்படைய வைக்கிறது நல்லா தெரிஞ்சவங்க தான். லேபிள வாசிச்சு காட்டி, ஓவியர் பொறந்த வருஷம் செத்த வருஷம் சொல்லி, ஸ்டைல் பேரு சொல்லி, பசங்க யெஸ் சார் யெஸ் சார்னு தலையாட்டிட்டே அடுத்த ரூம பாத்துட்டு நிப்பாங்க. ஒரு பிள்ளைக்கு ஸ்கூல் முழுக்க இதானே நடக்குது, கேலரிலயும் அதே பாடமா?

நியூயார்க் மாடர்ன் ஆர்ட் மியூசியத்துல கல்விப் பிரிவ பாத்துகிட்ட ஃபிலிப் யெனவைனும், அபிகெய்ல் ஹவுசன்னு ஒரு ஆய்வாளரும் சேர்ந்து ஒரு முறை கொண்டு வந்தாங்க, விஷுவல் திங்கிங் ஸ்ட்ராட்டஜிஸ்னு பேரு. கேள்வி மூணே மூணு தான். இந்த படத்துல என்ன நடக்குது? எத பாத்து அப்படி சொல்ற? இன்னும் என்னல்லாம் தெரியுது? இத கேக்கறதுக்கு முன்னாடி யாரும் பேசாம ஒரு நிமிஷம் படத்த பாக்கணும், கேட்ட பிறகு பொறுத்து நிக்கணும், இந்த பொறுத்து நிக்கிறது தான் நம்ம ஆபீஸ் ஆளுங்களுக்கு வரவே வராது, மீட்டிங்ல மாதிரி ரெண்டு செகண்ட் அமைதி வந்தாலே நாமளே பதில் சொல்லிடுவோம். பத்து வரைக்கும் மனசுக்குள்ள எண்ணுங்க. பிள்ள ஏதாவது சொன்னா சரி தப்புன்னு சொல்லக்கூடாது, அது சொன்ன இடத்த விரலால காட்டி (தொடாம!), ஓ இந்த ஆள் கோவமா இருக்கான்னு சொல்றியா, எத பாத்து சொல்றன்னு திருப்பிக் கேக்கணும். ஜூலுல வேணும்னா "உபோனானி லாபா", "யினி எக்வென்சா ஊஷோ ந்ஜாலோ", "யினி என்யே". பசங்க ஜூலுலயே பதில் சொல்லட்டும், கூட வர்ற டீச்சரோ இங்கிலீஷ் நல்லா பேசற இன்னொரு பிள்ளையோ உங்களுக்கு சொல்லுவாங்க. அவங்க சொந்த பாஷைல பேசும்போது வர்ற பேச்சே வேற.

ஒரு மணி நேரத்துக்கு அஞ்சு பொருள் போதும். முழு கேலரியும் சுத்திக் காட்டணும்னு ஆரம்பிச்சீங்கன்னா கால் வலி தான் மிஞ்சும்.

ஒண்ணு சொல்றேன், இத நேர்ல பாத்தது. மரத்துல செஞ்ச ஒரு சின்ன பொருள் கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்துச்சு, ரெண்டு பக்கம் காலு, நடுவுல லேசா குழிஞ்ச பலகை, அடில வரிவரியா செதுக்கல். எங்க கூட வந்த அக்கவுன்டன்ட் ஒருத்தர் இது குழந்தைங்க உக்கார்ற ஸ்டூலா இருக்கும்னார். அவர் குரூப்ல ஒரு பொண்ணு, பஸ்ல இருந்து அது வரைக்கும் ஒரு வார்த்தை பேசல, ஸ்வெட்டர் கைய விரலுக்கு மேல இழுத்து விட்டுட்டே இருந்தா. இல்லன்னு தலையாட்டுனா. எத பாத்து சொல்றன்னு அவர் கேட்டார். அந்த பொண்ணு டக்குனு தரைல ஒருக்களிச்சு படுத்து, கழுத்துக்கு அடில கைய குடுத்து காட்டுச்சு. தலைக்கு வைக்கிறது, முடி அலங்காரம் கலையாம தூங்கறதுக்கு, முசிங்கா கிராமப் பக்கம் எங்க பாட்டியோட அம்மா வீட்ல இருக்கு, இத விட கறுப்பா இருக்கும், புகை பட்டு. அப்படின்னு ஆரம்பிச்சு அந்த வீட்டு அடுப்பு எங்க இருக்கும், ஆடு எங்க கட்டுவாங்கன்னு சொல்லிட்டே போச்சு, அக்கவுன்டன்ட் பக்கத்துலயே முட்டி போட்டு உக்காந்து கேட்டுட்டு இருந்தார். அந்த பொருள பத்தி அந்த ரூம்ல அவளுக்கு தெரிஞ்ச அளவுக்கு வேற யாருக்கும் தெரியல. நீங்க கேள்வி கேக்கற ஆளா மட்டும் நில்லுங்க, போதும்.

உங்க கேலரிலயும் ஜூலு மண்பானை, மணி வேலை, டெலிபோன் ஒயர்ல பின்ன கூடைங்க எல்லாம் சேகரிப்புல உண்டு. எது இப்ப வெளில வச்சிருக்காங்கன்னு போன் பண்ணி கேளுங்க, ஐரோப்பிய ஓவியத்துல ஆரம்பிக்காம அதுல ஆரம்பிங்க.

பிரிட்டோரியா கணக்கன்:

எல்லாரும் சந்தோஷமா எழுதிருக்கீங்க, நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. 2021 பேர்ல்ஸ் (PIRLS, பல நாட்டுப் பசங்களுக்கும் வைக்கிற வாசிப்புத் தேர்வு) தேர்வுல சவுத் ஆப்பிரிக்கா கிரேட் 4 பிள்ளைங்கள்ல 81 சதவீதம் பேருக்கு வாசிச்சா அர்த்தம் புரியல, அதுவும் அவங்க படிக்கிற பாஷைலயே. 2016ல இது 78 ஆ இருந்துச்சு, கோவிட்ல இன்னும் கீழ போச்சு. இப்ப கிரேட் 7ல இருக்கிற பசங்க ஆரம்ப வகுப்பு படிச்ச காலமே அந்த லாக்டவுன் காலம் தான், நாள் விட்டு நாள் ஸ்கூலுக்கு போனவங்க. ஒரு பஸ்ஸுக்கு, சாப்பாட்டுக்கு, 8 பேரோட வேலை நேரத்துக்கு ஆகற காச கணக்கு பண்ணுங்க. அந்த காசுல அதே 8 பேர் வாராவாரம் அந்த ஸ்கூலுக்கே போய் பசங்க பக்கத்துல உக்காந்து வாசிக்க வச்சா எவ்ளோ மாறும்? பிராக்ஷன் தெரியாம ஹைஸ்கூல் போற பிள்ளைக்கு ஓவியம் என்ன குடுக்கும்? நான் வாரக்கடைசில இந்த பசங்களுக்கு கணக்கு சொல்லிக் குடுக்கிறவன், அந்த ஆதங்கத்துல கேக்கறேன்.

ஜோபர்க் தஞ்சாவூரான்:

அண்ணே, உங்க ஆதங்கம் நியாயம் தான், அந்த 81 கேட்டா யாருக்கும் வயிறு எரியும். ஆனா இது இல்லன்னா அதுங்கிற மாதிரி வச்சு பாக்க வேண்டாம்னு தோணுது. அமெரிக்கால ஆர்கன்சாஸ்ல கிரிஸ்டல் பிரிட்ஜஸ்னு ஒரு மியூசியம் 2011ல தொறந்தாங்க, சுத்தி உள்ள ஸ்கூல்லாம் வரணும்னு முண்டியடிச்சதால யாருக்கு மொதல்ல இடம்னு குலுக்கல் போட்டாங்க. அதையே வச்சு ஆர்கன்சாஸ் பல்கலைக்கழகத்துல ஆய்வு பண்ணாங்க, போன ஸ்கூல் போகாத ஸ்கூல்னு 123 ஸ்கூல், கிட்டத்தட்ட 11,000 பசங்க. ஒரு மணி நேர டூர், அஞ்சு ஓவியம், அவ்ளோதான் அவங்க பாத்தது. வாரக்கணக்கு கழிச்சு, பாத்திராத ஒரு புது படத்த குடுத்து எழுதச் சொன்னா, போய்ட்டு வந்த பசங்க இன்னும் நுணுக்கமா கவனிச்சு காரணம் சொல்லி எழுதிருக்காங்க. கிராமத்துப் பிள்ளைங்களுக்கும் வசதி இல்லாத பிள்ளைங்களுக்கும் தான் பலன் அதிகம். எத பாத்து சொல்றன்னு கேக்கற பழக்கம் வாசிப்புக்கும் கணக்குக்கும் வேண்டாததா என்ன?

அதே ஆய்வுல இன்னொண்ணு, எனக்கு ரொம்ப புடிச்சது. ஈஸ்ட்மன் ஜான்சன் வரைஞ்ச ஒரு ஓவியம், மரத்துல பால் எடுத்து மேப்பிள் சர்க்கரை காய்ச்சற முகாம். அடிமைங்கள வச்சு செய்யற கரும்புச் சர்க்கரைக்கு எதிரா, அடிமை முறைய எதிர்த்தவங்க அப்படி சர்க்கரை காய்ச்சினாங்கன்னு டூர்ல சொல்லிருக்காங்க. வாரக்கணக்கு கழிச்சு கேட்டா பாத்தவங்கள்ல 88 சதவீதம் பேருக்கு அது ஞாபகம் இருந்திருக்கு. பரிட்சை கிடையாது, மனப்பாடம் கிடையாது. ஒரு வரலாற்றுப் பாடம் இந்த அளவுக்கு எந்த கிளாஸ்ல நிக்கும் சொல்லுங்க.

உம்லாங்கா நெல்லைக்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அந்த தலைக்கட்டை கதைய ஆபீஸ் குரூப்ல போட்டேன், எல்லாரும் வாசிச்சாங்க. அண்ணே (கணக்கன்), நீங்க சொன்னது மனசுல தைச்சுது, அத எப்படி இதோட சேக்கலாம்னு சொல்லுங்களேன்.

இப்ப என் தலைவலி மேல இருக்கிறவங்க தான். மண்டேலா டேக்கு ஏதாவது காட்டியே ஆகணும்ங்கிறாங்க, மார்க்கெட்டிங்ல பசங்க முகம் தெரியற மாதிரி போட்டோ வேணும்ங்கிறாங்க. இதுக்கு என்ன பதில் சொல்றது?

மரிட்ஸ்பர்க் சிஎஸ்ஐ ஆளு:

நான் இந்த வேலையிலயே இருக்கிறவன், சொல்றேன் தங்கச்சி.

மண்டேலா டே. 67 வருஷம் பொதுவாழ்க்கைல இருந்தாருன்னு 67 நிமிஷம் குடுக்கிற நாள், நல்ல நாள் தான், ஆனா ஸ்கூல் காலண்டர மொதல்ல எடுத்து பாருங்க. ஜூலை நடு வரைக்கும் குளிர்கால லீவு வந்துடும், 2025லல்லாம் ஜூன் 27 மூடி ஜூலை 22 தான் தொறந்தாங்க, 18 அன்னைக்கு ஸ்கூல்ல ஒரு பிள்ள கிடையாது. சில கம்பெனிங்க லீவுல இருக்கிற பிள்ளைங்கள போட்டோக்காக வரவச்சத நான் பாத்திருக்கேன், வயிறு எரியும். நீங்க இப்படி சொல்லுங்க: ஜூலை 18 வாலன்டியர்களுக்கு பயிற்சி நாள். பசங்க இல்லாம நீங்க 8 பேரும் கேலரிக்கு போங்க, அங்க இருக்கிற கல்விப் பிரிவு ஆளுங்க கூட முன்னாடியே பேசி வச்சு, அந்த மூணு கேள்விய உங்களுக்குள்ளயே கேட்டு பழகுங்க, எந்த அஞ்சு பொருள்னு முடிவு பண்ணுங்க, டாய்லெட் எங்க, பை எங்க வைக்கணும், பென்சில் மட்டும் தானா பேனாவும் விடுவாங்களா, எல்லாம் தெரிஞ்சுக்கோங்க. டீ-ஷர்ட் போட்டோவும் அன்னைக்கே, உங்க முகத்தோட. மார்க்கெட்டிங் ஆசையும் நிறைவேறும்.

பசங்க முகம்: போப்பியா சட்டம் (தனிப்பட்ட விவரங்கள பாதுகாக்கிற சட்டம்) 2021 ஜூலை 1ல இருந்து முழுசா நடைமுறைல இருக்கு, குழந்தையோட விவரம்னா பெத்தவங்க இல்லன்னா கார்டியன் சம்மதம் இல்லாம எடுக்கக்கூடாது. டூருக்கு சம்மதம் வேற, போட்டோக்கு சம்மதம் வேற, ரெண்டையும் ஒரே கையெழுத்துல அமுக்காதீங்க. போட்டோ வேண்டாம்னு சொன்ன வீட்டுப் பிள்ளைய டூர்ல இருந்து ஒதுக்கவும் கூடாது. முதுகு, கை, வரைஞ்ச பேப்பர், இத எடுத்தா போதாதா? அந்த ஸ்கூல் பேரும் பிள்ள பேரும் படத்துக்கு கீழ வரவே கூடாது.

இன்னொரு பக்கம் உங்க 8 பேரோட பேப்பர். குழந்தைங்க கூட பழகற வேலைக்கு யார் வந்தாலும் சில்ட்ரன்ஸ் ஆக்ட்ல உள்ள குழந்தை பாதுகாப்பு பதிவேட்டுல பார்ட் பி-ல (குழந்தைங்க கூட வேலை பாக்க தகுதி இல்லாதவங்க பட்டியல்) பேர் இல்லைன்னு உறுதி பண்ணணும், அத விசாரிக்க கம்பெனி தான் ஃபார்ம் 30 போடணும். பாலியல் குற்றவாளிங்க பதிவேடும் தனியா பாக்கணும். இது மாசக்கணக்குல இழுக்கும், இன்னைக்கே எச்ஆர்ல சொல்லி ஆரம்பிங்க. எந்த மென்டரும் எந்த பிள்ளையோடயும் தனியா நிக்கக்கூடாது, நம்பர் வாங்கி வாட்ஸப்ல பேசறது கூடாது, கார்ல ஏத்தறது கூடாது, பேசணும்னா ஸ்கூல் மூலமா தான்.

அப்புறம் நீங்க கேட்ட மெயின் கேள்வி, எத்தன தடவ. ஒரு தடவைன்னா அது டூர், நல்ல டூரா பண்ணுங்க, மென்டர்ங்கிற பேரு வேண்டாம். மென்டர்னு சொன்னா நீளமா போகணும். கிராஸ்மன், ரோட்ஸ்னு ரெண்டு பேர் 2002ல அமெரிக்க மென்டரிங் ஜோடிங்கள வச்சு எழுதினாங்க, ஒரு வருஷத்துக்கு மேல நீடிச்ச ஜோடிங்கள்ல தான் பிள்ளைக்கு நல்ல பலன், மூணு மாசத்துக்குள்ள பாதில அறுந்து போன இடத்துல பிள்ள தன்னைப் பத்தி நினைக்கிற மதிப்பு முன்ன விட குறைஞ்சே போச்சு. அதாவது வந்துட்டு விட்டுட்டு போறது வராம இருக்கிறத விட மோசம். டெர்முக்கு ஒரு கேலரி விசிட், நடுவுல ரெண்டு தடவ நீங்க ஸ்கூலுக்கு போறது, அதே 3 பிள்ளைங்களுக்கு அதே ஆள், நாலு டெர்மும். இதுக்கு ஒத்துக்கிறவங்க மட்டும் பேர் குடுக்கட்டும், 8 பேர் 5 ஆ குறைஞ்சாலும் பரவால்ல, பிள்ளைங்க எண்ணிக்கைய குறைச்சுக்கோங்க.

காசு யார்கிட்ட கேக்கறதுன்னா, பிஇஇ ஸ்கோர்கார்டுல (கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கு கம்பெனி என்ன பண்ணுதுன்னு அரசாங்க விதிப்படி போடற மார்க்) சோஷியோ எகனாமிக் டெவலப்மென்ட்டுக்கு வரி போக லாபத்துல 1 சதவீதம்னு இலக்கு இருக்கு, ஃபைனான்ஸ்ல கேளுங்க, பஸ் செலவெல்லாம் அதுல அடங்கும். வேலை நேரத்துல நீங்க செலவழிக்கிற நேரத்தையும் காட்ட வழி இருக்கு, யார் என்னைக்கு எத்தன மணி நேரம்னு எழுதி வைங்க.

பிரிட்டோரியா கணக்கன்:

அந்த வருஷம் முழுக்க போற திட்டம்னா எனக்கு சம்மதம், நான் பயந்தது ஒரு நாள் கூத்த தான். சேக்கறது எப்படின்னு கேட்டீங்கல்ல. கேலரில பாத்தத பத்தி ஒவ்வொரு பிள்ளையும் மூணு வரி எழுதட்டும், ஜூலுல ஒரு தடவ, இங்கிலீஷ்ல ஒரு தடவ. அத டைப் பண்ணி பெரிய எழுத்துல பிரின்ட் எடுத்து அடுத்த தடவ ஸ்கூலுக்கு போகும்போது கொண்டு போங்க, தான் எழுதினத தானே வாசிக்கிற பிள்ளைக்கு வர்ற ஆர்வம் டெக்ஸ்ட்புக்ல வராது. நலிபாலின்னு பசங்கள வாசிக்க வைக்கிற இயக்கம் இருக்கு, அவங்க ரெண்டு பாஷைல கதை போட்டு குடுக்கிறாங்க, அதையும் எடுத்துட்டு போங்க. கணக்குக்கும் வழி இருக்கு, டெலிபோன் ஒயர் கூடைய எடுத்து நடுவுல இருந்து ஒவ்வொரு சுத்துக்கும் எத்தன கட்டம் கூடுதுன்னு எண்ணச் சொல்லுங்க, மணி வேலைல அரை முக்கோணம் கால் முக்கோணம்னு பிராக்ஷன் கண்ணு முன்னாடி நிக்கும். எஸ்தர் மஷ்லாங்குவோட படம் ஒண்ணு காட்டி சமச்சீர் எங்க இருக்குன்னு கேளுங்க, 1991ல பிஎம்டபிள்யூ கார் மேல ன்டெபெலே இனத்துக் கோலத்த வரைஞ்ச அம்மா தான், கார்னு சொன்னா பசங்க எழுந்து உக்காருவாங்க.

சாட்ஸ்வர்த் டீச்சரம்மா:

இந்த தம்பி சொன்ன மூணு வரி யோசனை ரொம்ப நல்லா இருக்கு.

மா, ஒரு விஷயம் சொல்லாம விட மனசு வரல. இனாண்டாவும் ஃபீனிக்ஸும் பக்கத்து பக்கத்து ஊரு. 2021 ஜூலை கலவரத்தப்ப, இந்திய வம்சாவளி ஆளுங்க அதிகமா இருக்கிற ஃபீனிக்ஸ்ல கறுப்பின மக்கள் கொல்லப்பட்டாங்க, அந்த சாவுங்கள அந்த வீடுங்க மறக்கல, நம்ம வீடுங்களும் மறக்கல. அப்ப சின்னப் பிள்ளைங்களா இருந்தவங்க தான் இப்ப உன் கூட பஸ்ல வரப்போறாங்க. நீ இந்தியால இருந்து வந்தவளா இங்க பொறந்தவளான்னு அந்த பிள்ளைக்கு எப்படி தெரியும், மொகத்த பாத்து முதல் நாள் ஒதுங்கி நின்னா மனசுல வச்சுக்காதே. கட்டிப்புடிக்க போகாதே, அதிகமா சிரிச்சு கொஞ்சாதே. பேர சரியா சொல்லக் கத்துக்கோ, நாக்க சொடுக்கற மாதிரி க்ளிக் சத்தம் வர்ற ஜூலு பேர வீட்ல சொல்லிப் பாத்துட்டு போ, அடுத்த தடவயும் அதே பேர ஞாபகமா கூப்புடு. அதுக்கு மேல அந்த பிள்ளயா வரும்.

அந்த சர்க்கரை படம் கேட்டப்ப எனக்கு நம்ம கரும்புத் தோட்டம் தான் கண்ணுல நின்னுச்சு. 1860ல இருந்து 1911 வரைக்கும் 152,184 பேர் இந்தியால இருந்து நேட்டாலுக்கு, அதான் நம்ம மாகாணத்துக்கு, கூலியா வந்தாங்க, பாதிக்கு மேல மெட்ராஸ் துறைமுகத்துல ஏறினவங்க, என் முப்பாட்டனும் அதுல ஒருத்தர். டர்பன்ல 1860 ஹெரிடேஜ் சென்டர்னு இருக்கு, அந்த காலத்து போட்டோ, கப்பல் பட்டியல் எல்லாம் வச்சிருக்காங்க. மூணாவது டெர்ம்ல பசங்களுக்கு உன்கிட்ட நல்லா பழக்கம் வந்த பிறகு அங்க ஒரு தடவ கூட்டிட்டு போ. பக்கத்து ஊர்க்காரங்க எப்படி இங்க வந்தாங்கன்னு அந்த பிள்ளைங்க போட்டோவ பாத்து தானா கேள்வி கேக்கட்டும். அதுக்கு பதிலா நீங்க எல்லாரும் இனாண்டாக்கு போங்க, ஏஎன்சி கட்சியோட மொத தலைவர் ஜான் டூபே ஆரம்பிச்ச ஒஷ்லாங்கே ஸ்கூல் இருக்கு, 1994ல மண்டேலா ஓட்டு போட்டது அங்க தான், அந்த பக்கத்துலயே காந்தியோட ஃபீனிக்ஸ் செட்டில்மென்ட். அன்னைக்கு பசங்க உங்களுக்கு ஊர சுத்திக் காட்டட்டும்.

கைவேலை ஒண்ணு சொல்லித் தரேன், காசே ஆகாது. கடைல இறைச்சி வர்ற தெர்மோகோல் தட்டு இருக்குல்ல, நல்லா கழுவி விளிம்ப வெட்டிட்டு, மழுங்கின பென்சிலால அழுத்தி படம் வரையச் சொல்லு. மேல கறுப்பு பெயிண்ட் உருளைல தேய்ச்சு பேப்பர வச்சு ஸ்பூன் முதுகால தேய்ச்சு எடுத்தா அச்சு வரும், அழுத்தின கோடெல்லாம் வெள்ளையா நிக்கும். எழுத்து எழுதினா கண்ணாடில தெரியற மாதிரி திரும்பி வரும்னு மொதல்லயே சொல்லிடு. நம்ம மாகாணத்துலயே ரோர்க்ஸ் டிரிஃப்ட்ல 1960கள்ல ஆரம்பிச்ச கலை மையத்துல படிச்ச அசாரியா ம்பாத்தா, ஜான் முவாஃபாங்கெஜோ எல்லாரும் லினோல (தரைக்கு விரிக்கிற லினோலியம் தகடு) இப்படி செதுக்கி அச்செடுத்து தான் பேர் வாங்கினாங்க. அவங்க அச்சுப் படம் ஒண்ணு ரெண்டு பிரின்ட் எடுத்து கிளாஸ்ல காட்டிட்டு ஆரம்பி. ஒரு தட்டுல பத்து பிரதி எடுக்கலாம், வீட்டுக்கு ஒண்ணு, ஸ்கூல் சுவத்துக்கு ஒண்ணு, மென்டருக்கு ஒண்ணு.

ஜோபர்க் தஞ்சாவூரான்:

கிளாஸ்ல காட்டறதுக்கு ஜெரார்ட் செகோட்டோவோட மஞ்சள் வீடுகள் படத்தையும் சேத்துக்கோங்க. ஜோகன்னஸ்பர்க்ல கறுப்பின மக்கள் வாழ்ந்த சோஃபியாடவுன் தெரு, 1940ல ஜோகன்னஸ்பர்க் ஆர்ட் கேலரி வாங்கினது, கறுப்பின ஓவியர் ஒருத்தரோட படத்த அந்த கேலரி வாங்கினது அதான் மொத தடவ. செகோட்டோ அதுக்கு முன்னாடி ஸ்கூல் வாத்தியார். 1947ல பாரிஸ் போனவர் 1993ல பிரான்ஸ்லயே செத்துப் போனார், அவர் வரைஞ்ச அந்த ஊர 1955ல இருந்து நிறவெறி அரசாங்கம் இடிச்சு தள்ளிடுச்சு. இதெல்லாம் கடைசில சொல்லுங்க, மொதல்ல அந்த தெருவ மட்டும் பாக்க விடுங்க. எங்க பசங்க அதுல வேலி எங்க முடியுது, யார் வீட்டுக்கு போறாங்கன்னு ரொம்ப நேரம் பேசிட்டு இருந்தாங்க.

உம்லாங்கா நெல்லைக்காரி:

டீச்சரம்மா, 2021 பத்தி நீங்க சொன்னத நான் யோசிச்சே பாக்கல, இத மத்த வாலன்டியர்களுக்கும் சொல்றேன்.

இன்னைக்கு மேனேஜர்கிட்ட பேசிட்டேன். ஜூலை 18 பயிற்சி நாள்னு சொன்னதும் ஒத்துகிட்டாங்க. நாலு டெர்மும் வர்றவங்க கைய தூக்குங்கன்னு கேட்டதுல 6 பேர் நிக்கிறோம், அதனால 18 பசங்க, யார்னு ஸ்கூலே முடிவு பண்ணட்டும்னு விட்டாச்சு. முகம் தெரியற போட்டோ கிடையாதுன்னு எழுத்துல வாங்கிட்டேன். ஃபார்ம் 30 எச்ஆர்ல குடுத்தாச்சு. பஸ் தான் பாக்கி, யாராவது டர்பன்ல நல்ல பஸ்காரங்க தெரிஞ்சா தனி மெசேஜ்ல சொல்லுங்க.

சாட்ஸ்வர்த் டீச்சரம்மா:

தனி மெசேஜ் அனுப்பிருக்கேன் பாரு மா. யார்கிட்ட பேசினாலும் டிரைவரோட பிஆர்டிபி பர்மிட்டும் (பயணிகள ஏத்திட்டு ஓட்ட தனி அனுமதி) வண்டி ரோட்வொர்த்தி சர்டிபிகேட்டும் காப்பி வாங்கி ஸ்கூல்ல ஒண்ணு, உன்கிட்ட ஒண்ணு வச்சுக்கோ. சீட்டுக்கு மேல ஒரு பிள்ள கூட ஏத்த விடாதே. சிட்டி ஹால் பக்கம் பஸ் நிறுத்த எடம் கிடைக்காது, எங்க இறக்கி எங்க ஏத்தறதுன்னு டிரைவர கூட்டிட்டு போய் ஒரு நாள் முன்னாடியே பாத்துடு.